மாரிக்கு முன் வளவில்

இலையுதிர்காலம் என்றொரு பருவத்தை நமது பிள்ளைகள் பாடநூலிற் படிக்கிறார்கள். மனனஞ் செய்து பரீட்சையிலும் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே செத்தெம்பரிலும் ஒக்ரோபரிலும் மரங்கள் பொன்னிறம் பெற்று இலை சொரிவதைக் கண்டார் எவருமிலர். பழந்தமிழர் வகுத்த ஆறு பருவங்களுள் ஆவணியும் புரட்டாதியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பெயர் கார் என்றாலும் புரட்டாதியில் நமது நிலம் இருக்கும் கோலத்தை வாசகர் அறிவர். செம்மண் தரை வெடித்துக் கிடக்கும். கிணற்றிலே வாளிக் கயிற்றுக்கு மேலும் இரண்டு முழம் முடிச்சிட வேண்டியிருக்கும். சோளகம் ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் திரும்பவில்லை. இலை அசையாத இந்தப் புழுக்கமான இடைக்காலமே கிராமத்து வீட்டுக்காரனுக்கு ஆண்டின் மிகச் சுறுசுறுப்பான காலம்.

வீடுகள் பெரும்பாலும் ஓட்டுக் கூரைக்கும் சீமெந்துத் தட்டுக்கும் மாறிவிட்டன. எனினும், வளவின் கோடிப்புறத்திலே கிடுகால் வேய்ந்த மாட்டுக் கொட்டிலோ விறகுக் கொட்டிலோ இல்லாத கமக்காரர் வீடு இன்றும் அரிது. சென்ற மாரியை ஒருவாறு தாங்கிய கிடுகு இவ்வாண்டு மாரியையும் தாங்கும் என நம்புவது வீண். உக்கிய கிடுகைக் களைந்து, வரிச்சுத் தடிகளைத் தட்டிப் பார்த்து, கறையான் அரித்தவற்றை மாற்றிய பின்னரே புதுக் கிடுகு ஏற்ற வேண்டும். பனையோலையால் வேய்பவர்களுக்கு இத்தொல்லை ஆண்டுதோறும் இல்லை; ஓலை இரண்டு மூன்று மாரிகளைத் தாங்கும். ஆனால் ஓலை வெட்ட மரமேறுபவரைத் தேடுவதே இப்போது பெரும் வேலையாகிவிட்டது. ஓட்டு வீட்டுக்காரரும் கவலையற்றிருக்க முடியாது. அணில் ஒதுக்கிய ஓட்டின் இடைவெளியையும், வேப்பஞ் சருகு அடைந்த பீலியையும் முதல் மழையன்றுதான் நாம் கண்டுபிடிக்கிறோம். அன்று ஏணி வைக்க முடியாது.

விறகு, வைக்கோல், மாட்டெரு வறட்டி ஆகியன நனையாத இடம் சேர வேண்டும். பாயிற் காயும் பனாட்டு முதற் தூறலுக்கு முன் பெட்டிக்குள் வந்துவிட வேண்டும். பனம் விதைகளுக்குப் பாத்தி இன்னும் போடாதவர்கள் இனியும் தாமதித்தல் ஆகாது. தை பிறக்கும்போது கிழங்கு வேண்டுமல்லவா? நவராத்திரியும் இக்காலத்தில் வருவது எவ்வளவு பொருத்தம் என்று நான் எண்ணுவதுண்டு. ஆயுத பூசைக்காகவேனும் மண்வெட்டியும் கத்தியும் அலவாங்கும் உழவாரமும் துருநீங்கிப் பிடி இறுக்கப்பெறுகின்றன. மழை பார்த்துப் புழுதியில் விதைப்பவர்களுக்கு அந்த மண்வெட்டிதானே முதல் ஆயுதம்!

வேலியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகிய கதியால்களை நிரையாக நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்து வரிந்து, குத்தூசி கொண்டு இருபுறமும் இருவர் நின்று கட்டும் வேலி நமது நாட்டுக்குரிய தனிச் சிறப்பு. பட்டுப்போன கதியாலுக்கு மாற்றுக் கதியால் நடுவதற்கு மாரித் தொடக்கமே ஏற்ற காலம். வானத்து நீரிலேயே வேர் பிடித்துத் தளிர்த்துவிடும். அதன் இலை தோட்டத்துக்குப் பசளை, ஆட்டுக்கு உணவு, தடி அடுப்புக்கு. இத்தனையும் தரும் வேலியை நீக்கிவிட்டுச் சீமெந்துக் கல்லால் மதில் எழுப்புவோர் தொகை பெருகிவருகிறது.

அவர்களைக் குறைகூற நான் முற்படவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையிலே ஊரைவிட்டு நடந்ததையும், மறுவருடம் திரும்பியவர்கள் தத்தம் வளவுகளைக் கண்ட நிலையையும் அறிந்தவர்கள், ஒருவன் உறுதியான மதிலை விரும்புவதன் காரணத்தையும் அறிவர். அவ்வாண்டு ஓலைகள் யாவும் உக்கி விழுந்திருந்தன. கதியால்கள் மாத்திரம் வெட்டுவாரின்றி மரங்களாய் ஓங்கி நின்றன. வீட்டுக்குள்ளே உடும்பும், அறைக்குள்ளே கறையான் புற்றும், கிணற்றடியிற் கீரிக் குடும்பமும் குடியிருந்தன. மனிதன் ஆறு மாதம் விலகி நின்றால் வளவை யார் எடுத்துக்கொள்வார் என்பதை அன்று கண்டோம்.

ஆயினும் மதிலுக்கு ஒரு குறை உண்டு. வேலியின் அடியிலே தண்ணீர் போகும். மதிலின் அடியிலே போகாது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு ஒன்றே உண்டு, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஆதலால் ஒவ்வொரு ஒழுங்கையின் வெள்ளமும் அயல் வளவுகளின் வழியாகத் தரவைக்கும் குளத்துக்கும் செல்லும்படி நம் முன்னோர் விட்டிருந்தார்கள். அந்த வழிகளுக்குக் குறுக்கே மதில் வந்துவிட்டது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த பெருமழையின்போது நீர் எந்தெந்த வழியைத் தேடியது என்பதை வயது வந்த எவரும் காட்டித் தருவர். மதில் கட்டியவர்கள் அதன் அடியில் இரண்டு மூன்று துவாரங்களையேனும் இப்போதே திறந்துவிடுதல் நன்று. அயலவரோடு வழக்குப் பேசுவதிலும் அது மலிவானது. குளத்தைத் தூர்வாருவதும் இப்போதே செய்யத்தக்கது. நம் நிலத்தடியிலே சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் நன்னீர், கடல் நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. அந்த வில்லை தடிப்பது இம்மூன்று மாத மழையாலேதான். வெள்ளத்தை அவசரமாகக் கடலுக்கு அனுப்பினால், சித்திரையிற் கிணறு உவர்க்கும்போது அதனைத் திருப்பியழைக்க இயலாது.

இனி, அழையாது வரும் விருந்தினரைப் பார்ப்போம். புரட்டாதிச் சனியில் நாம் சோறு வைத்து அழைக்கும் காகம் எப்போதும் உள்ளூர்வாசி. அதே கிழமைகளிலே தந்திக் கம்பிகளில் வந்து அமரும் தகைவிலான் குருவிகளோ நெடுந்தூரம் பறந்து வந்தவை. அவற்றினும் எனக்கு விருப்பமானது ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, சிறகிலே நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலின் அடியிலே குங்குமச் சிவப்பு, வால் என்று சொல்லத்தக்க வாலும் இல்லை. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்த பின்னர், இரவிலே பறந்து, கடலைக் கடந்து, செத்தெம்பர் ஒக்ரோபரில் இலங்கையை வந்தடைகிறது. காலை மாலை ஆறு மணியளவில் இருதொனியிற் சீழ்க்கையடிப்பதாற் பெற்ற பெயர் இது. வந்திறங்கும் நாட்களிற் களைப்பு மிகுதியாற் சில குருவிகள் வீட்டு விறாந்தைக்குள்ளும் குசினிக்குள்ளும் விழுந்து கிடப்பதுண்டு. பிள்ளைகள் அதனைக் கூட்டில் அடைக்க விரும்புவர். பூனை வேறொன்றை விரும்பும். இருவரிடமும் கொடாமல், காற்றுப்புகும் காகிதப் பெட்டியொன்றில் இருளாக வைத்திருந்து, மாலையில் மரநிழலிலே திறந்துவிட்டால் தன் வழியே போய்விடும். அடுத்த சித்திரை வரை நமது வேலியோரச் சருகைக் கிளறிப் பூச்சி தின்று நமக்கு உபகாரஞ் செய்யும்.

முதல் மழை விழுந்த இரவு ஈசலும், அதைத் தேடிப் பல்லியும் தேரையும், அவற்றைத் தேடி வேறு சிலவும் வருகின்றன. இந்த ‘வேறு சில’ பற்றியே சென்ற மாதம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். தமது வளவிற் பாம்பு மிகுந்துவிட்டதென்றும், கணவர் கண்டதையெல்லாம் அடித்துக் கொல்கிறார் என்றும், மாமியார் அது பாவம் என்கிறார் என்றும், தாம் யார் பக்கம் நிற்பதென்றும் கேட்டிருந்தார். குடும்பச் சச்சரவில் தீர்ப்புக் கூறும் துணிவு எனக்கில்லை. ஆயினும் என்னிடம் கல்வி பயின்ற ஒரு மாணவனின் கதையை இங்கே எழுதுவது அவருக்குப் பயன்படக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். அன்று மாலை இடிமழை பெய்து ஓய்ந்திருந்தது. பத்தாம் வகுப்பிற் படித்த அந்தப் பையன் புழுக்கம் தாளாது விறாந்தையிலே பாய் விரித்துப் படுத்தான். விடிவதற்கு இரண்டு மணிநேரம் இருக்கும்போது வயிற்றுவலி என்று எழுந்தான். உடலில் வீக்கமில்லை, காயமில்லை, கடித்ததென்ற உணர்வுமில்லை. உண்ட உணவு சேரவில்லை என்று எண்ணிய தாய் இஞ்சியும் சீரகமும் அவித்துக் கொடுத்தார். பொழுது புலர்ந்தபோது அவனால் அந்த நீரை விழுங்க முடியவில்லை. கண்ணிமை பாதியிலே நின்றது. பல் துலக்க வந்த பாட்டியார்தான் அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், “பெடியனுக்கு நித்திரைத் தூக்கமில்லை, இது விஷம். உடனே கொண்டு ஓடுங்கோ” என்று கூவினார். வழியில் விஷகடி வைத்தியர் வீட்டில் நிறுத்துவோமா என்று தந்தையார் ஒரு கணம் தயங்க, முச்சக்கரவண்டிக்காரர் அவர் சொற்கேளாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தினார். அவன் சுவாசிக்கும் தசைகள் சோர்ந்துபோகவே, இயந்திரம் அவனுக்காகப் பல நாட்கள் மூச்சு விட்டது. வகுப்பில் அவனுடைய வாங்கு மாரி முடியும்வரை வெறுமையாகவே இருந்தது. மீண்டு வந்தான். இன்று தொழில் பார்க்கிறான்.

கடித்தது எண்ணெய் விரியன். இந்தியத் தமிழர் கட்டுவிரியன் என்பதனையே நாம் எண்ணெய் விரியன் என்றும் எட்டடி விரியன் என்றும் வழங்குகிறோம். சிங்களத்திலும் எண்ணெய் என்னும் பொருள் தரும் ‘தெல்’ என்ற சொல்லை முன்வைத்தே ‘தெல் கரவலா’ என்பர். எண்ணெய் பூசியது போன்ற கருமையும், அதன்மேல் மெல்லிய வெண் வளையங்களும் உடையது. எட்டடி வைக்குமுன் ஆள் விழுவான் என்று பெயருக்கு விளக்கம் கூறுவர். உண்மை இதற்கு நேர்மாறானது; அதுவே ஆபத்துக்குக் காரணமும் ஆகிறது. புடையன் கடித்தாற் பொறுக்கமுடியாத வலியும் வீக்கமும் தோன்றி ஆளை ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். விரியன் கடித்தால் வலியே இல்லாதிருக்கலாம். பல்லடையாளமும் தெரியாமற் போகலாம். சில மணிநேரம் கழித்து வயிற்றுவலியும், இமைச் சோர்வும், விழுங்க முடியாமையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பகலிலே மிதித்தாலும் சுருண்டு தலையை மறைக்க முயலும் இந்தச் சாதுவான பிராணி இரவிலே வேறாகிவிடுகிறது. பல்லியையும் எலியையும் பிற பாம்புகளையும் தேடி வீட்டுக்குள் நுழைகிறது. தரையிற் படுத்திருப்பவர் உறக்கத்திற் புரண்டாற் கடிக்கிறது.

மகன் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலே தந்தையார் வளவு முழுவதையும் கிளறி ஐந்து பாம்புகளைக் கொன்றார். நான் நலம் விசாரிக்கச் சென்றபோது அவற்றை வேலியோரம் நிரையாகப் போட்டிருந்தார். நான்கு சாரை, ஒன்று கொம்பேறிமூக்கன். ஐந்தும் நஞ்சற்றவை. கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடலைப் புகையைப் பார்த்திருக்கும் என்று ஊரார் பழிசுமத்தும் கொம்பேறிமூக்கன் உண்மையிலே பல்லியும் தவளையும் தின்று மரத்தில் வாழும் அப்பாவி. விரியனோ அகப்படவில்லை.

“அண்ணை, இவை ஒன்றும் செய்யாதவை அல்லவா?” என்றேன்.

“மாஸ்ரர், நல்ல பாம்பு கெட்ட பாம்பு பார்க்க எனக்கு இப்ப மனமில்லை. என்ரை பிள்ளை மெசினிலை கிடக்கிறான்” என்றார் அவர்.

அதற்கு மறுமொழி கூற ஒருவராலும் இயலாது. நானும் கூறவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அறுவடை முடிந்தபின் அவரே என்னிடம் வேறொரு செய்தி சொன்னார். வீட்டுக்குள் அடுக்கியிருந்த மொட்டைக்கறுப்பன் நெல் மூட்டைகள் ஒவ்வொன்றின் அடியிலும் எலி துளையிட்டிருந்ததாம். முன்பு இவ்வளவு தொல்லை இருந்ததில்லையாம். எலியைப் பொந்துக்குள் நுழைந்து பிடிக்க வல்ல உயிர், பூனையன்று, சாரையே. அந்தச் சாரைகளை அவர் முன்னைய ஆண்டே கணக்குத் தீர்த்துவிட்டார். எலி பெருகினால் எலியைத் தேடி எண்ணெய் விரியனும் வரும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எலியினால் வருவது நெல் நட்டம் மட்டுமன்று. 2024 டிசெம்பரில் குடாநாட்டிலே சில உயிர்களைக் கொண்ட காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தால் வரும் எலிக்காய்ச்சலே என்று பரிசோதனையில் தெரிந்தது. வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதார பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்பது கமக்காரர் யாவருக்கும் கடமை. காலிற் புண்ணுள்ளவர்கள் சேற்று நீரில் இறங்காதிருத்தல் இன்னும் நன்று.

ஆகவே கடிதம் எழுதிய சகோதரிக்கு எனது எண்ணம் இது. மாமியாரின் பாவ புண்ணியக் கணக்கையும் கணவரின் அச்சத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டு, பாம்பு வீட்டுக்குள் வரும் காரணத்தை முதலில் நீக்குங்கள். விறகை வீட்டுச் சுவரோடு அடுக்காமல் எட்ட அடுக்குங்கள். தரையிலன்றிக் கல்லின் மேலே அடுக்குங்கள். கோழித் தீனும் நெல்லும் இறைபடாமற் பாருங்கள். கதவின் அடியில் விரலளவு இடைவெளி இருந்தாற் பழந்துணியைத் திணியுங்கள். ஊமலையும் சிரட்டையையும் சேர்த்து எரித்துவிட்டால் நுளம்புக்கும் அது இடையூறு. மாரியோடு வரும் டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சுபவர்கள் பீலியையும் ஒருமுறை பார்த்துவிடுவார்கள். யாவற்றினும் முக்கியமானது படுக்கை. கட்டிலில் உறங்குங்கள். கட்டில் இல்லையேல் நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் கீழே நாற்புறமும் செருகிவிடுங்கள். இருபது சுள்ளித் தடிகளும் சுண்ணாம்புக் கோடும் பூண்டுக் கரைசலும் செய்யாத காவலை அந்த வலை செய்யும். வெள்ளைப் பூண்டை இடித்துக் கதவோரம் ஊற்றினாற் பாம்பு வராதென்று நம்புகிறவர்கள் பூண்டைக் குழம்பில் இடுவதே இலாபம்.

கடித்துவிட்டால், அல்லது கடித்ததோ என்ற ஐயம் எழுந்தாலே, கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் யாவும் தவிர்க்கத்தக்கவை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டுமென்று ஒருவரும் இருளிலே தேடப்புகுந்து இரண்டாவது நோயாளி ஆகவேண்டாம். நாகம், எண்ணெய் விரியன், புடையன், சுருட்டை ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிரான மருந்து ஒன்றே. குதிரையின் குருதியிலிருந்து எடுக்கப்பட்டு இந்தியாவிலிருந்து வருகிறது. ஆனால் விரியனின் நஞ்சு நரம்பின் நுனியைச் சேதப்படுத்திய பின்னர், மருந்து அச்சேதத்தை உடனே மாற்றமாட்டாது. நரம்பு தானாகவே தேற நாட்கள் செல்லும். அதனாற்றான் ஒரு மணிநேரம் முந்திச் செல்வது அவ்வளவு பெரிய காரியமாகிறது. மாரி இரவிலே காரணந் தெரியாத வயிற்றுவலியோடு எழும் பிள்ளையின் கண்ணிமையை, அந்தப் பாட்டியாரைப் போல, விளக்கைப் பிடித்து ஒருமுறை பாருங்கள்.

பாம்பை அறவே கொல்லாதிருக்க முடியுமா என்றும் அச்சகோதரி கேட்டிருக்கிறார். குழந்தை உறங்கும் அறைக்குள் விரியன் சுருண்டிருக்கும்போது சீவகாருண்யம் பேசும்படி நான் எவரையும் வற்புறுத்தேன். விரியனைப் போலவே வெண்கோடுகள் கொண்டதும் நஞ்சற்றதுமான பாம்பொன்றும் சுவரேறி வீட்டுக்குள் வருவதுண்டு. அதன் கோடுகள் தலைப்பக்கத்தில் தெளிந்து வால்நோக்கி மங்கும். விரியனுக்கு இது மறுதலை. ஆயினும் இரவு வேளையில் அருகிற் குனிந்து அந்த ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. வளவிலே பகற்பொழுதில் நெடுந்தூரம் விரைந்தோடும் நீண்ட மஞ்சட் சாரையை மாத்திரம் அதன் போக்கில் விட்டுவிடலாம். அந்த மாணவனின் தந்தையார் இப்போது அவ்வாறே செய்கிறார். சென்ற புரட்டாதியில் வைக்கோற் போரின் அருகே ஒன்றைக் கண்டபோது, கையிலிருந்த மண்வெட்டியை அவர் நிலத்தில் ஊன்றிக்கொண்டு அது கடந்து போகும்வரை நின்றதை நான் ஒழுங்கையிலிருந்து பார்த்தேன். முகம் அத்துணை மலர்ச்சியாக இருந்ததென்று கூறமாட்டேன்.

வரும் ஞாயிறு, பனம் பாத்திக்கு மண் அணைக்கும் முறை பற்றியும், பாத்தியைக் கிளறும் பன்றிக்கும் எலிக்கும் என்ன செய்வதென்பது பற்றியும் எழுதுவேன். அதற்குள் மழை தொடங்கிவிட்டால் பாத்தியின் மேல் ஓலை பரப்பிவிடுங்கள்.